சொல்லும் பொருளும்: ‘நைஸ்’ வந்த வழி

வெள்ளவத்தைப் புடைவைக் கடையிலே ‘நைஸான’ சேலை கேட்கிறோம். தோசைக்கு உழுந்தை ‘நைஸாக’ அரைக்கச் சொல்கிறோம். வேலைக்கு அஞ்சி ‘நைஸாக’ நழுவுவோரையும் கண்டிருக்கிறோம். ஆங்கிலச் சொல் என்ற நினைவே எழாதவாறு நம் பேச்சிற் கலந்துவிட்ட இச்சொல்லின் பூர்வீகம் வியப்பூட்டுவதாகும்.

இலத்தீன் மொழியில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன் என்பது பொருள். ‘நெ’ இன்மையைக் குறிக்கும். ‘ஸ்கீரெ’ என்பது அறிதல். இச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தை அடைந்தது. அக்காலத்தில் ஒருவரை ‘நைஸ்’ என்பது அவரை மூடர் என்று ஏசுவதேயாம்! விஞ்ஞானத்தைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்ற சொல்லும் அதே ‘ஸ்கீரெ’யின் வழி வந்ததே. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று அறிவையும் மற்றது அறியாமையையும் பெயராகப் பெற்றன.

மூடர் இனியவரானது எங்ஙனம்? அசட்டுத்தனத்தைக் குறித்த சொல், காலப்போக்கிற் கூச்சத்தையும், எதிலும் எளிதில் திருப்தியடையாத இயல்பையும் குறிக்கலாயிற்று. அத்தகையோர் கண்ணுக்குச் சிறு வேறுபாடும் தப்பாதன்றோ? ஆகவே 16ஆம் நூற்றாண்டில் ‘நுண்ணிய’ என்ற பொருள் தோன்றியது. ‘இனிய’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டிலேதான் பரவிற்று. பின்னர் மனிதர், உணவு, வானிலை யாவும் ‘நைஸ்’ ஆயின. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நோர்தாங்கர் அபி’ என்னும் நாவலில், ஜேன் ஆஸ்டின் ஒரு பாத்திரத்தின் வாயிலாக இவ்வழக்கத்தை எள்ளி நகையாடினார்.

நம் அடுக்களையில் அரைபடும் உழுந்தின் ‘நைஸ்’, அந்த நுண்மைப் பொருளோடு நெருங்கி நிற்பதைக் கவனித்தல் வேண்டும்.

தமிழிலும் சொற்கள் இவ்வாறு நிலைமாறியதுண்டு. 1274ஆம் குறளில் வள்ளுவர் மொட்டினுள் அடங்கிய நறுமணத்தை ‘நாற்றம்’ என்றே குறிக்கிறார். இன்று அச்சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறோம். ‘நைஸ்’ உயர்ந்தது, ‘நாற்றம்’ தாழ்ந்தது.

இதனால் மாணவர்க்கு ஆகும் பயன் யாது? ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று ஆங்கில நூலிற் கண்டால், ‘இனிய வேறுபாடு’ என மொழிபெயர்த்து இடறற்க. அது நுண்ணிய வேறுபாடு. எழுதும்போதோ, எல்லாவற்றையும் ‘நைஸ்’ என்று விடாமல், உணவைச் சுவையானதென்றும் நண்பரை அன்பானவரென்றும் காட்டும் சொற்களைத் தேடுக. எல்லாவற்றுக்கும் பொருந்தும் அடைமொழி எதனையும் விளக்குவதில்லை. ‘நல்ல’ என்ற தமிழ்ச் சொல்லை ஓயாது கையாளும் நமக்கும் இது பொருந்தும்.