புரொஜெக்டருக்கு ஒரு வயர் போதும்

வெள்ளாற்றின் தென்கரையில் லப்பைக்குடிக்காடு. ஆற்றைத் தாண்டினால் திட்டக்குடி. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் நடக்கும் வீடுகள் நிறைய உள்ள ஊர். லீவுக்கு வரும் சபுராளியின் பெட்டியில் ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் வந்தது, அப்புறம் டிவிடி பிளேயர் வந்தது. இப்போது புரொஜெக்டரும் வருகிறது.

வந்த வாரம் வீடே திருவிழாதான். ஹாலின் வெள்ளைச் சுவரில் நூறு அங்குலத்துக்குப் படம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய அடுத்த மாதம் போய்ப் பாருங்கள்... புரொஜெக்டர் மேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கும். அம்மா பழைய டிவியிலேயே சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்.

புரொஜெக்டர் கெட்டுவிட்டதா? இல்லை. எந்த வயரைப் பிடுங்கி எதைச் சொருக வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் துபாயில் இருக்கிறார். அவ்வளவுதான்!

வாங்கியவர் ஊரில் இருந்தால்தான் ஓடும் என்றால் அதற்கு ஹோம் தியேட்டர் என்று பெயர் எதற்கு? தப்பு புரொஜெக்டரில் இல்லை, வயரிங்கில் இருக்கிறது.

ஒரு சாதாரண வீட்டில் படம் வரும் வழிகளை எண்ணிப் பாருங்கள். கேபிள் செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர், லேப்டாப், யூடியூப் பார்க்க ஒரு ஸ்டிக், பையனின் கேம் பெட்டி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துச் சரக்கு. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறத்தில் வரும் ஏ.வி. வயரில் மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. 2017-ல் அரசு கேபிள் கொடுக்க ஆரம்பித்த செட்டாப் பாக்ஸ்களைப் பழைய டிவிகளோடு சேர்த்தது இந்த வயர்தான். 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ.வில் படம் மட்டும் வரும், சத்தம் வராது. 2002 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.ஐ.யில்தான் படமும் சத்தமும் டிஜிட்டலாக ஒரே வயரில் வந்தன.

சின்ன புரொஜெக்டர்களில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சாமானோ ஐந்து. அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்டூல் போட்டு ஏறி, ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றைச் சொருகுகிறார்கள். வி.ஜி.ஏ. மாதிரி திருகி முடுக்க எச்.டி.எம்.ஐ.யில் ஸ்க்ரூ கிடையாது. உள்ளே போர்டில் பற்ற வைத்திருக்கும் ஓட்டை, பிடுங்கிப் பிடுங்கி லூசாகிவிடும். அப்புறம் சர்வீஸ் சென்டர்தான்.

இதற்கு வழி எளிது. புரொஜெக்டரிலிருந்து கீழே ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. வயர் இறங்க வேண்டும். அதை யாரும் தொடக்கூடாது. மாற்றுவது எல்லாம் கீழே, டிவி ஸ்டாண்டில் நடக்க வேண்டும். வசதி இருந்தால் ஏ.வி. ரிசீவர் வாங்கலாம். எல்லா வயரும் அதில் சேரும். சத்தத்தை அதுவே பிரித்து ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டு, படத்தை மேலே அனுப்பும். அவ்வளவு பணம் இல்லையென்றால் சில நூறு ரூபாயிலேயே எச்.டி.எம்.ஐ. ஸ்விட்ச் கிடைக்கிறது. ஆடியோவுக்குத் தனி ஓட்டையும், ரிமோட்டும் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பலர் ஏமாறுவது கடையில்தான். ஸ்விட்ச் வேறு, ஸ்ப்ளிட்டர் வேறு. பல பெட்டிகளை ஒரு திரைக்குக் கொண்டுவருவது ஸ்விட்ச். ஒரு பெட்டியைப் பல திரைகளுக்குப் பிரிப்பது ஸ்ப்ளிட்டர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பெயர் மாறினால் காசு போச்சு.

ஏ.வி. வயர் மட்டும் உள்ள பழைய பெட்டிக்கு, ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். எதிர்த் திசையில் மாற்றும் பெட்டியும் அச்சு அசலாக இப்படியேதான் இருக்கும், கவனம். மாற்றிவிட்டால் படம் எச்.டி. ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 576 வரிப் படம் 576 வரிதான்.

எல்லாம் சரியாகச் சொருகியும் திரை கறுப்பாக இருக்கிறதா? திருட்டுக் காப்பியைத் தடுக்கும் எச்.டி.சி.பி. என்ற பூட்டு காரணமாக இருக்கலாம். ஸ்டிக், ஸ்விட்ச், புரொஜெக்டர் மூன்றுமே அதற்கு ஒத்துவர வேண்டும். 4கே படம் என்றால் 2.2 பதிப்பு கேட்கும். நடுவில் ஒன்று பழசாக இருந்தாலும் படம் வராது.

வெளிநாட்டுப் பணம் முதலில் போவது வீடு கட்டத்தான். சுவரைப் பூசுவதற்கு முன்பே இந்த வயருக்கு ஒரு பைப் போட்டுவிட வேண்டும். கரண்ட் வயருக்குப் போடும் முக்கால் அங்குல பைப்பில் எச்.டி.எம்.ஐ. தலை நுழையாது. ஒன்றரை அங்குலம் போடச் சொல்லுங்கள். தூரம் கூடினால் சாதாரண செம்பு வயரில் 4கே தடுமாறும். ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. வயர் நல்லது. ஆனால் அதற்கு ஒரு முனை பெட்டிக்கு, மறுமுனை திரைக்கு என்று திசை உண்டு. திருப்பிப் போட்டுப் பூசிவிட்டால் என்ன ஆகும், சொல்லவே வேண்டாம்.

"ஆண்ட்ராய்டு உள்ளேயே இருக்கும் புரொஜெக்டர் வாங்கினால் வயரே வேண்டாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. யூடியூப் மட்டும் போதும் என்றால் சரி. அம்மாவின் கேபிள் பாக்ஸை எங்கே சொருகுவது? தவிர, உள்ளே இருக்கும் சாஃப்ட்வேருக்கு வயசானால் புரொஜெக்டருக்கே வயசான மாதிரி. ஸ்டிக் பழசானால் ஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும்.

புரொஜெக்டரின் கொள்முதல் விலை மட்டும்தான் எல்லோர் கணக்கிலும் ஏறுகிறது. துண்டு போர்த்திக் கிடக்கும் சொத்தின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பட்ஜெட்டில் ஒரு பங்கை வயருக்கும் ஸ்விட்சுக்கும் ஒதுக்கி, புரொஜெக்டரை ஒரு படி குறைவாக வாங்கினாலும் லாபம்தான்.

லீவு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பரீட்சை வைக்கலாம். ஸ்விட்சில் 1 கேபிள், 2 யூடியூப், 3 லேப்டாப் என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டு, ரிமோட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். வாயே திறக்கக்கூடாது. சீரியலிலிருந்து பேரப்பிள்ளையின் கார்ட்டூனுக்குப் போய், மறுபடி சீரியலுக்கு அவரே வந்துவிட்டால் வயரிங் பாஸ்.

இல்லையென்றால் அந்த ஒரு வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள். அங்கே வேலை முடிந்து வந்து படுக்கும் நேரத்தில், வீடியோ கால் போட்டு "அம்மா, அந்த மஞ்சள் வயரை எடுங்க... அது இல்லம்மா, பக்கத்தில் இருக்கிறது..." என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பத்து நிமிஷம் அவருடன் வேறு ஏதாவது நல்லதாகப் பேசலாம்.