ஏரிக்குக் கீழே இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்

ஜார்ஜியா மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவின் இயக்குநர் அவர்களுக்கு,



அட்லான்டாவுக்கு வடக்கே வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இங்கே வீடு விற்பவர்கள் முதலில் பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள். அடுத்து ஏரியைச் சொல்வார்கள். மீன் பிடிக்கலாம், படகு விடலாம், மாலையில் காலாற நடக்கலாம். அந்த ஏரிகள் பெரும்பாலும் தாமாக அமைந்தவை அல்ல. ஏதோ ஓர் ஓடையின் குறுக்கே என்றோ போட்ட மண்கரைதான் அவற்றைத் தாங்கி நிற்கிறது. மேலே வீடு வைத்திருப்பவர் நாள்தோறும் ஏரியைப் பார்க்கிறார். கீழே ஓடையோரம் குடியிருப்பவருக்கு அப்படி ஒரு கரை இருப்பதே தெரியாமல் போகலாம். அவருக்காகவே இதை எழுதுகிறேன். ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், கேட்க வேண்டியதை எங்கள் மக்களும் சேர்ந்து கேட்க வேண்டும் என்பதே.

உங்கள் அணைப் பாதுகாப்புச் சட்டம் எப்படிப் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களில் பலருக்குத் தெரியாது. இந்த மாநிலத்தின் டொக்கோவா அருவிக்கு மேலே, அங்கிருந்த ஒரு கல்லூரியின் நிலத்தில் கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை இருந்தது. உயரம் ஏறக்குறைய 40 அடி. ஏரியின் பரப்பு ஏறக்குறைய 40 ஏக்கர். மின்சாரத்துக்காகக் கட்டியது; 1957-இல் மின் உற்பத்தி நின்றதும் வெறும் பொழுதுபோக்கு ஏரியாகிவிட்டது. கரையின் கீழ்ச்சரிவு செங்குத்தாக இருந்தது, மரங்கள் வளர்ந்திருந்தன. அந்தச் சரிவில் மண் சரிந்திருப்பது 1973-இல் எடுத்த ஒரு படத்திலேயே தெரிகிறது. தொடர் மழைக்குப் பின் 1977 நவம்பர் 6 அதிகாலை 1.30 மணியளவில் கரை உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்த 39 பேர் இறந்தார்கள். அவர்களில் 20 பேர் குழந்தைகள்.

அணைகளை ஆய்வு செய்ய 1972-லேயே கூட்டாட்சிச் சட்டம் வந்துவிட்டது. அதை நிறைவேற்றப் பணம் ஒதுக்கப்படவில்லை. டொக்கோவாவுக்குப் பிறகுதான், இந்த மாநிலத்தவரான அதிபர் கார்ட்டர் உத்தரவிட, ராணுவப் பொறியாளர்கள் நாடெங்கும் ஏறக்குறைய 8,800 அணைகளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. 1978-இல் ஜார்ஜியாவும் சட்டம் இயற்றியது. நீங்கள் நடத்தும் நிர்வாகத்தின் வேர் அந்த 39 உயிர்களில் இருக்கிறது.

அந்தச் சட்டப்படி 25 அடி உயரமோ 100 ஏக்கர்-அடி கொள்ளளவோ அதற்கு மேலோ உள்ள அணைகள் இரண்டு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. உடைந்தால் உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்றால் முதல் வகை. நேராது என்று கருதினால் இரண்டாம் வகை. முதல் வகைக்கு அனுமதி வேண்டும், பெருமழையைத் தாங்கும் கலிங்கு வேண்டும், பொறியாளரின் பொறுப்பு வேண்டும். இரண்டாம் வகை பட்டியலில் இடம்பெறும். குறிப்பிட்ட இடைவெளியில் அதன் வகை மறுபடி பார்க்கப்படும்.

இந்தத் தரம் கரை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லவே இல்லை. கரை போனால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதை மட்டுமே சொல்கிறது. நன்றாகக் கட்டிப் பராமரிக்கும் அணையும் முதல் வகையில் இருக்கலாம். ஓட்டை விழுந்த கரையும் இரண்டாம் வகையில் இருக்கலாம். ஆனால் ‘ஆபத்து குறைவு’ என்ற சொல்லைப் படிக்கும் வீட்டுக்காரர் ‘கரை உறுதியாக இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்கிறார். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். செலவைத் தள்ளிப்போட அந்தச் சொல்லே காரணமாகிறது.

ஹவாய் மாநிலத்தின் கவாய் தீவில் கா லோகோ அணை அரசுப் பதிவில் குறைந்த ஆபத்துள்ள அணையாகவே இருந்தது. நூறாண்டு கடந்த அந்த மண்கரை 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேரைக் கொண்டுபோனது. உபரிநீர் வெளியேறும் வழி மண்ணால் மூடப்பட்டிருந்தது. நிலைமையைச் சொல்லும் தரத்தையும் முழுதாக நம்பிவிட முடியாது. மிச்சிகனில் ஈடன்வில் அணையை 2018-இல் பார்வையிட்ட மாநில ஆய்வாளர்கள் அதன் கட்டமைப்பு ‘சுமார்’ என்று எழுதினார்கள். 2020 மே 19 அன்று அதன் மண்கரையின் ஒரு பகுதி சில நொடிகளில் இளகிச் சரிந்தது. முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின. மேலே நின்று பார்க்கும் கண்ணுக்குக் கரையின் வயிற்றில் இருப்பது தெரியாது.

சிறிய ஏரிகளின் நோய் அங்கேதான் இருக்கிறது. பலவற்றில் உபரிநீரைக் கரைக்கு அடியில் கொண்டுபோவது நெளிதகடு இரும்புக் குழாய். சில பத்தாண்டுகளில் அது துருப்பிடித்து ஓட்டையாகிறது. கரை மண் ஓட்டை வழியே குழாய்க்குள் இறங்கி ஓடையோடு போய்விடுகிறது. மேலே புல் பச்சையாக இருக்கும். உள்ளே வெற்றிடம் வளர்ந்துகொண்டிருக்கும். பட்டுப்போன மரத்தின் வேர் மக்கினால் அதுவும் நீருக்கு ஒரு வாய்க்கால். கரையடியில் கசிவு தெளிவாக வந்தால் கவனிக்க வேண்டும். கலங்கி வந்தால் மண் அரிக்கிறது என்று பொருள், உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தால் கரைமேல் நடக்கும் ஒவ்வொருவரும் உங்களுக்குக் காவலாளியாவார்.

தரம் மாறும் என்பதையும் மக்களுக்குச் சொல்லவேண்டும். மேய்ச்சல் நிலத்துக்கு மேலே இருந்தவரை ஓர் அணை இரண்டாம் வகை. கீழே பத்து வீடு எழும்பியதும் அதே அணை முதல் வகை. கரையில் ஒரு கூடை மண் மாறவில்லை. ஆனால் அதைச் சீராக்கும் பெருஞ்செலவு ஏரிச் சங்கத்தின் தலையில் விழுகிறது. வீடு கட்டி விற்றவர் அதற்குள் போய்விட்டிருப்பார். வகை மாறுவதற்கு முன்பே பெருமழை வந்துவிட்டால் என்ன ஆகும்? 1994-இல் ஆல்பெர்ட்டோ புயல் மழையில் இந்த மாநிலத்தில் 200-க்கும் மேற்பட்ட அணைகள் உடைந்தன. அந்த நினைவு உங்கள் அலுவலகக் கோப்புகளில் இருக்கிறது. எங்கள் தெருக்களில் இல்லை.

எனவே உங்களிடம் ஐந்து கோரிக்கைகள்.

முதலாவது, ஆபத்து வகையையும் கரையின் நிலைமையையும் எப்போதும் சேர்த்தே வெளியிடுங்கள். கடைசியாக எப்போது, யார் பார்த்தார் என்பதும் அதில் இருக்கட்டும். பார்க்கவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

இரண்டாவது, அணை உடைந்தால் நீர் எங்கெங்கே பாயும் என்ற வரைபடத்தை எளிய மொழியில் கீழே உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள். வீடு விற்கும்போது வாங்குபவர் கைக்கும் அது போய்ச் சேரவேண்டும்.

மூன்றாவது, ஓடைவழியில் கட்டட அனுமதி தருவதற்கு முன்பே மேலே உள்ள அணையின் வகை மறுபடி பார்க்கப்படுவதை எல்லாக் கவுன்ட்டிகளிலும் உறுதிசெய்யுங்கள். வகை மாறினால், மாற்றத்துக்குக் காரணமான கட்டுமான நிறுவனமும் செலவில் பங்கேற்கட்டும்.

நான்காவது, இரண்டாம் வகை அணைகளின் குழாயையும் கலிங்கையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியாளர் பார்த்தே ஆகவேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள்.

ஐந்தாவது, பணம். பழுது என்று தெரிந்தால் செலவு வரும் என்ற பயத்தில் பல சங்கங்கள் ஆய்வையே தவிர்க்கின்றன. நியூ ஜெர்சியில் தனியார் ஏரிச் சங்கங்களுக்கும் அணையைச் சீரமைக்கக் குறைந்த வட்டிக் கடன் கிடைக்கிறது. அப்படி ஒரு நிதியை இங்கேயும் ஏற்படுத்தச் சட்டமன்றத்திடம் கேளுங்கள். உங்களோடு நாங்களும் வந்து நிற்கிறோம்.

உங்கள் பொறியாளர்கள் மீது எனக்குக் குறையில்லை. கைக்கு மீறிய எண்ணிக்கையில் அணைகளைப் பார்க்கும் அவர்களுக்கு இன்னும் ஆட்களைத் தரவேண்டும் என்பதும் என் வேண்டுகோள்தான். ஆனால் அலுவலகத்துக்கு மட்டும் தெரிந்த தரம் யாரையும் காப்பாற்றாது. டொக்கோவாவில் இறந்தவர்களுக்குத் தங்கள் தலைக்கு மேலே இருந்த கரையின் நிலை பற்றிச் சொல்ல யாருமில்லை. சொல்லவேண்டிய கடமை அன்று யாருக்கும் சட்டப்படி இல்லை. இன்று அந்தக் கடமை உங்களுடையது. அடுத்த புயல் பருவம் தொடங்குமுன் முதல் இரண்டு கோரிக்கைகளையாவது நிறைவேற்றுங்கள். அவற்றுக்குப் புதிய கரை கட்டவேண்டியதில்லை. தெரிந்ததைத் தெரியவேண்டியவரிடம் சொன்னால் போதும்.

மரியாதையுடன்,
கரைக்குக் கீழே குடியிருக்கும் ஒருவர்