பழைய காரும் புதிய கால்களும்

ஏடு பதிப்பிப்போர் செல்லரித்த எழுத்தை மீட்பரேயன்றித் தம் பாட்டை இடைச்செருகார். பழைய கார்களைப் புதுக்குவோரிடமும் அந்நெறியையே யான் எதிர்பார்க்கின்றேன். இங்கிலாந்திலே அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஆக்கப்பெற்ற எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். அதன் முன்புறத்து நெம்புகோல்வகை எண்ணெய்க்கருவி வெறும் அதிர்வுதாங்கி மட்டுமன்று. சில்லைப் பிடித்து நிற்கும் மேற்புயமும் அதுவே. எண்ணெய் கசிந்ததும் அதனைக் கழற்றி எறிந்து, குழாய்வடிவத் தாங்கியைப் பூட்டுவோர் உறுப்பை மட்டுமா மாற்றுகின்றனர்? அமைப்பையே மாற்றுகின்றனர். தேய்ந்த தண்டைப் புதுக்கி எண்ணெய் வார்த்தால் அக்கருவி மீண்டும் உழைக்குமே! நைந்த இறப்பர் புஷ்களையும் தொய்ந்த பின்புற வில்தகடுகளையும் மாற்றத்தான் வேண்டும். அதில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால், நெடுநாள் உழைக்குமென்று கடினமான பொலியூரிதேன் புஷ்களை இடுவோர், வீதியின் நடுக்கமெல்லாம் ஆசனத்தில் ஏறிய பின்னர்க் காரையன்றோ பழிக்கின்றனர்!