விசா கடையில் விற்பதில்லை

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் போட்ட ஒரு கையெழுத்து, சோழிங்கநல்லூரிலும் சரவணம்பட்டியிலும் பல வீடுகளின் கணக்கைக் கலைத்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து எச்-1பி விசாவில் புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது அந்த உத்தரவு. தனியார் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 85,000 விசாதான், அதற்கும் குலுக்கல். அதிர்ஷ்டம் அடித்துப் போய்ச் சேர்ந்தாலும், ஒரு நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு இல்லை என்ற வரம்பால் இந்தியர்கள் பத்தாண்டுக்கு மேலாகக் காத்துக் கிடக்கிறார்கள்.

அமெரிக்கா இல்லாவிட்டால் வேறு நாடு என்று பலரும் முடிவு செய்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் எங்கே போவது என்பதில் அல்ல, எப்படிப் போவது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

கனடாவை எடுத்துக்கொள்வோம். அங்கே 2015 முதல் நடப்பில் உள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயது, படிப்பு, மொழி, அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண். எதற்கு எத்தனை என்று அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. யாரும் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 20 முதல் 29 வயதுவரை வயதுக்கு முழு மதிப்பெண். 30-ல் சரியத் தொடங்கி 45-ல் பூஜ்யம். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பிரிவிலும் 6 வாங்கியவரைவிட, கேட்டலில் 8-ம் மற்ற மூன்றில் 7-ம் வாங்கியவர் வெகுதூரம் முந்திவிடுகிறார். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்றே நடக்கிறது. ‘ஜாப் ஆஃபர் வாங்கித் தருகிறோம், மதிப்பெண் ஏறும்’ என்று லட்சக்கணக்கில் வசூலித்தவர்கள் உண்டு. இந்தப் போலி ஆஃபர் வியாபாரத்தை ஒழிக்கவே 2025 மார்ச்சில் அந்த மதிப்பெண்ணை கனடா அடியோடு எடுத்துவிட்டது. இன்றும் யாராவது அதைச் சொல்லிப் பணம் கேட்டால், பேச்சை வளர்க்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெர்மனியின் கதை வேறு. அங்கே ஆள் பற்றாக்குறை. 2024 அக்டோபரில் அன்றைய சான்சலர் ஷோல்ஸ் டெல்லி வந்தபோது, திறன்மிகு இந்தியர்களுக்கான விசா ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆகும் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் வந்த ‘வாய்ப்பு அட்டை’ இருந்தால், ஓராண்டு அங்கேயே தங்கி வேலை தேடலாம். பட்டமோ தொழிற்கல்வியோ வேண்டும். தகுதிகளுக்குத் தரும் புள்ளிகளில் 6 வேண்டும். அடிப்படை ஜெர்மனோ நல்ல ஆங்கிலமோ தெரிய வேண்டும். ஏறத்தாழ 13,000 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். நர்ஸ் என்றால் ஆங்கிலம் உதவாது. தொழில் அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் கேட்கிறார்கள். வலி எங்கே என்று நோயாளி சொல்வது புரியாத நர்ஸை எந்த ஊர் ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்?

யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை ஒன்று உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘முருகன் க.’, பட்டத்தில் ‘க. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் கருப்பசாமி’. நமக்கு ஒரே ஆள். அங்கே ஃபைலைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேர். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு நாலாவது பெயரும் வந்துவிடுகிறது. பிரமாணப் பத்திரம், பெயர்த் திருத்தம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். விண்ணப்பம் போடுமுன் இதைச் சரிசெய்வதே முதல் வேலை. சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரைக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான். ‘அட்டெஸ்டேஷன் சார்ஜ்’ என்று ஆயிரக்கணக்கில் பில் நீட்டினால், மீதி எதற்கு என்று கேளுங்கள்.

படித்தவர்களெல்லாம் போய்விட்டால் நாடு என்ன ஆவது என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். கடன்காரர்களாகப் போகாமல் பார்த்துக்கொள்வதே நாம் செய்யக்கூடியது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் மாநில அரசின் நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. ஆனால் தென்காசியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ளவர் மொழி படிக்க எங்கே போவார்? மாவட்டந்தோறும் அரசு நர்ஸிங் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ மாலைநேர ஜெர்மன் வகுப்பு தொடங்க அரசு முன்வர வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள், மியான்மரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும்; உங்களிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. கனடா குடியேற்றத்துக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவருக்கு அந்நாட்டு உரிமம் வேண்டும். ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் ‘இமைக்ரேட்’ தளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண் தரத் தயங்குகிறவருக்கு அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.