புது வண்டியா, பழைய வண்டிக்கு இன்ஜின் வேலையா? முதல்ல கிலோமீட்டரைக் கணக்குப் போடுங்க



வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு மீம் சுத்துது. ஒரு பக்கம் கரும்புகை கக்குற பழைய லாரி, இன்னொரு பக்கம் பளபளன்னு புது லாரி. "பழசைக் கழிச்சுக் கட்டிட்டு புதுசு வாங்குங்க, நாடு முன்னேறும்"னு அந்தப் பக்கம் போடறாங்க. "புதுசு வாங்கறவன் டியூ கட்டியே காலி"ன்னு நம்ம பசங்க பதிலுக்குப் போடறாங்க. ரெண்டு பேருமே பேப்பர் பேனா எடுக்கலை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுல ஒத்தை லாரியை நம்பிக் குடும்பம் நடத்தறவங்களுக்கு இது மீம் இல்லைங்க. தப்பா முடிவெடுத்தா, முதலாளியா இருந்தவர் மூணு வருஷத்துல அடுத்தவர் வண்டிக்கு டிரைவரா போயிடுவார்.

அதனால கணக்கையே போட்டுப் பார்ப்போம். பத்து வீல் டாரஸ்னு வைங்க. எண்களெல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க எண்ணைப் போட்டு நீங்களே சரி பாருங்க.

புது வண்டி, பாடி கட்டின செலவு போக, கையில இருக்கிற பணம் போக 30 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம், 60 மாசம். டியூ மாசம் சுமார் 63,700 ரூபாய். பழைய வண்டியை வாங்கி, அல்லது இருக்கிற வண்டியையே பிரிச்சு லைனர், பிஸ்டன் மாத்தி, கிராங்க் கிரைண்டிங், பம்ப் காலிபரேஷன், கியர்பாக்ஸ், டிங்கரிங், பெயின்ட் எல்லாம் பண்ண 8 லட்சம் கடன். பழைய வண்டிக்கு வட்டி கூடத்தான் போடுவாங்க. 15 சதவீதம், 36 மாசம்னா டியூ சுமார் 27,700. ஆக புதுசுக்கு மாசம் 36,000 ரூபாய் கூடுதலா கட்டணும்.

இந்த 36,000-ஐ வண்டி எங்கிருந்து சம்பாதிக்கும்? பெரும்பங்கு டீசல்லதான். பழைய வண்டி லிட்டருக்கு 3.75, புதுசு 4.5 கிலோமீட்டர் கொடுக்குதுன்னு வைங்க. மாசம் 6,000 கிலோமீட்டர் ஓடினா மிச்சம் 267 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னா சுமார் 24,500. பத்தலை. 10,000 கிலோமீட்டர் ஓடினா மிச்சம் 444 லிட்டர், அதாவது சுமார் 40,900 ரூபாய். ஆனா பிஎஸ் 6 வண்டி யூரியாவும் குடிக்கும். டீசல்ல நூத்துக்கு நாலு பங்கு, லிட்டர் 55 ரூபாய்னு போட்டா சுமார் 4,900 போயிடும். மீதி 36,000. சரியா அங்கதான் தராசு நேராகுது.

மாசம் 10,000 கிலோமீட்டருக்கு மேல வட மாநில லைன் ஓட்டறவருக்குப் புதுசு கட்டுபடியாகும். சோளம், செங்கல், தீவனம்னு பக்கத்து மாவட்டங்களுக்குள்ள 5,000 ஓட்டறவரைப் புதுசு வாங்குன்னு தூண்டி விடறது பாவம். ஆறு மாசம் ரிட்டன் லோடு கிடைக்காம நின்னாலும் டியூ தேதி நிக்காது.

இதுல எடையையும் சேர்க்கணும். 2018 ஜூலையில மூணு ஆக்சில் வண்டியோட மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக்கினாங்க. உங்க ஆர்சியில இன்னும் 25-னே இருந்தா, டன் கணக்குல வாடகை பேசற சிமென்ட், கம்பி லோடுல புது வண்டிக்காரர் உங்களை முந்துவார். அப்போ நான் மேல போட்ட கணக்கு இன்னும் கீழயே, 10,000-க்கு முன்னாடியே சமமாகும்.

பழைய வண்டி வாங்கறவங்க விலையை மட்டும் பார்க்காதீங்க, வயசைப் பாருங்க. நேஷனல் பர்மிட் ரெண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருஷம், மல்டி ஆக்சிலுக்கு 15 வருஷம் வரைக்கும்தான். 10 வயசு ஆறு வீல் வண்டியை வாங்கி மூணு வருஷக் கடன் போட்டீங்கன்னா, கடைசி வருஷ டியூ கட்டறப்ப வண்டி மாநிலத்தைத் தாண்ட முடியாது. முட்டை லோடு ஏத்திக் கேரளாவுக்குப் போறவருக்கு இது பெரிய அடி. 8 வயசு தாண்டினா எஃப்சியும் வருஷா வருஷம். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் எடையைப் பொறுத்தது, புதுசு பழசுன்னு வித்தியாசம் கிடையாது. ஆனா புது வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்தாகணும், கடன் கொடுத்தவங்க விடமாட்டாங்க.

மெக்கானிக்கல் படிச்சவன்கிற முறையில ஒண்ணு சொல்றேன். இன்ஜினை எத்தனை தடவை வேணும்னாலும் புதுசாக்கலாம், சேசிஸை அப்படி ஆக்க முடியாது. பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி சேசிஸைக் கழுவச் சொல்லிப் பாருங்க. கிராஸ் மெம்பர் ரிவெட் ஆடியிருக்கா, கமான் பிராக்கெட் பக்கம் விரிசல் இருக்கா, வெல்டிங் வெச்ச தடம் இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த வண்டியை விட்டுடுங்க, எவ்வளவு சல்லிசா வந்தாலும் சரி. பட்டறையில இன்ஜினைப் பிரிச்ச பிறகுதான் உள்ள இருக்கிறது தெரியும். அதனால 8 லட்சம்னு சொன்னா 10 லட்சத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்குங்க.

இனி அரசியல்.

2025 செப்டம்பர் 22-லிருந்து லாரிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாச்சு. டயருக்கும் உதிரி பாகத்துக்கும் சேர்த்துக் குறைஞ்சுது. நல்ல விஷயம், சொல்றதுல நமக்கென்ன கூச்சம்? (2017-லிருந்து எட்டு வருஷம் 28 வாங்கினது யாருன்னு கேட்கவும் கூச்சம் வேண்டாம்.) நமக்குப் பிரச்சினை அது இல்லை. 2021 ஆகஸ்ட் 13-ல தொடங்கி வெச்ச வண்டி கழிப்புக் கொள்கையோட கட்டண முறைதான். 15 வயசு தாண்டின லாரிக்கு எஃப்சி கட்டணம் 12,500 ரூபாய்னு 2022 ஏப்ரல்லிருந்து அமலுக்குக் கொண்டு வந்தாங்க. 2025 நவம்பர்ல கூடுதல் கட்டணத்தை 10 வயசு வண்டியிலிருந்தே ஆரம்பிச்சு, 20 தாண்டின கனரக வண்டிக்கு 25,000-னு ஏத்தினாங்க.

பிரேக் டெஸ்ட்ல பாஸ், புகை டெஸ்ட்ல பாஸ் ஆன வண்டிக்கும் இதே கட்டணம்தான். அப்புறம் டெஸ்ட் எதுக்கு? ஃபெயில் ஆன வண்டியை ரோட்டை விட்டு எடுங்க, யாரும் கேட்கப் போறதில்லை. பாஸ் ஆன வண்டிக்கு வயசைக் காட்டி அபராதம் மாதிரி வசூல் பண்றதை எப்படி ஏத்துக்கறது?

சரி, கழிச்சா என்ன தருவாங்க? புது வண்டி ஷோரூம் விலையில 4 முதல் 6 சதவீதம் பழைய இரும்பு மதிப்பு. 35 லட்ச வண்டிக்கு 1.4 லட்சத்துலிருந்து 2.1 லட்சம். ஓடுற நிலையில இருக்கிற வண்டியைச் சந்தையில வித்தாலே இதைவிடக் கூடக் கிடைக்கும். சாலை வரியில 15 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கலாம்னு மாநிலங்களுக்குச் சொல்லிட்டாங்க. அந்தத் தள்ளுபடியில குறையறது மாநில வருமானம், பேர் வாங்கறது டெல்லி.

நம்ம பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. "பழைய லாரியே போதும்"னு கோஷம் போடாதீங்க. பிஎஸ் 3 இன்ஜினுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 5 கிராம், பிஎஸ் 6-க்கு 0.4. எந்தப் பட்டறையிலும் எவ்வளவு சுத்தமா வேலை செஞ்சாலும் அந்த இடைவெளி மூடாது. அந்தப் புகையை முதல்ல சுவாசிக்கிறதும் டிரைவரும் பட்டறைப் பசங்களும்தான். புது வண்டி வரணும். அதுக்கான செலவை ஒத்தை லாரிக்காரர் தலையில மட்டும் இறக்காதேன்னுதான் நாம கேட்கணும். ஒண்ணு ரெண்டு வண்டி வெச்சிருக்கிறவங்களுக்குக் குறைஞ்ச வட்டிக் கடன் வேணும். எஃப்சி கட்டணம் டெஸ்ட் முடிவைப் பொறுத்து இருக்கணும். பிஎஸ் 6 வண்டியில ஒரு சென்சார் போனா இன்ஜின் பவர் குறைஞ்சு நடு ரோட்டுல ஊர்ந்து போகுது, ஸ்கேன் டூல் இல்லாத பட்டறைக்காரர் கையைப் பிசையறார். நாமக்கல் பட்டறைகளுக்கு அந்தக் கருவிக்கு மானியமும், ஐடிஐ-ல அந்தப் பயிற்சியும் கேட்கணும். இல்லைன்னா வண்டிக்காரரோட சேர்ந்து பட்டறையும் போயிடும்.

மாவட்ட ஐடி விங் சார்பா ஒரு வேலை. உங்க ஊர்ல ஒத்தை வண்டி வெச்சிருக்கிறவங்ககிட்ட மூணு எண் மட்டும் கேட்டு வாங்குங்க. மாசம் எத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு எவ்வளவு, கடைசி எஃப்சிக்கு என்ன கட்டினார். பேரும் வண்டி நம்பரும் வேண்டாம். ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட கொடுத்துடுங்க. மனு எழுதறப்ப இந்த எண்களையும் சேர்த்துத்தான் அனுப்பப் போறோம்.