பழைய வண்டியும் பேரிங் நம்பரும்

பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் ஊருக்கு வருகிற டவுன் நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மாட்டுச்சாளை ஓரம் நிற்கும் எங்க மாசி பெர்குசன் 1035-ஐப் பார்த்ததும், "இன்னுமா இத வச்சு ஓட்டிட்டு இருக்கீங்க? பேசாம ஸ்கிராப்புக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துருங்க" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் சிரிச்சு மழுப்பியாச்சு. இந்தத் தடவை எழுதியே விடுகிறேன்.

வண்டி அப்பா காலத்தில் வாங்கினது. மூணு சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். புகை கக்கும், சத்தம் போடும், ஒத்துக்கிறேன். ரோட்டிலும் நிற்கும். கரும்பு லோடோட, நெல்லு லோடோட, நட்டநடு ராத்திரியில எல்லாம் நின்றிருக்கிறது. ஆனால் அது நின்றால் ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கும். பில்டர் மேலே இருக்கிற ஏர் ஸ்குருவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பீட் பம்பைக் கையால் அமுக்க அமுக்க நுரை நுரையாக டீசல் வரும். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் ஸ்குருவை இறுக்கினால் போதும். அப்பவும் பிடிக்கலைன்னா நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி செல்ப் அடிக்கணும். பத்து நிமிஷ வேலை. இதுக்கு வேண்டியது ரெண்டு ஸ்பேனர், ஒரு ஸ்குரு டிரைவர்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் ஒரு பேன் பெல்ட், ஒரு டீசல் பில்டர், நாலு செம்பு வாஷர், கொஞ்சம் கட்டுக்கம்பி, கிழிஞ்ச சைக்கிள் டியூப், அப்புறம் துணி துவைக்கிற பார் சோப்பு ஒண்ணு கிடக்கும். சோப்பு எதுக்கு என்று போன தடவை ஒரு நண்பர் கேட்டார். டீசல் டேங்கில் பொடி ஓட்டை விழுந்தால் சோப்பை அழுத்தித் தேய்ச்சு அடைக்கிறதுக்கு. தண்ணியில கரையுற சோப்பு டீசலில் கரையாது. வீடு வந்து சேர்கிற வரைக்கும் தாங்கும்.

இதெல்லாம் ரோட்டோர வைத்தியம். வண்டி வருஷக்கணக்கில் ஓடுவதற்குக் காரணம் வேறு, அது ஒரு நம்பர். பேரிங் ஒன்றைக் கழற்றி அழுக்கைத் துடைத்தால் ஓரத்தில் 6205 என்று வெட்டியிருக்கும். 6205 என்றால் உள் துளை 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும் இதே அளவுதான். அந்த நம்பரை ஈரோட்டில் பேரிங் கடைக்காரரிடம் சொன்னால் போதும், இது டிராக்டருக்கா, மோட்டாருக்கா, மாவு மில்லுக்கா என்று அவர் கேட்கவே மாட்டார். ஆயில் சீலிலும் அளவு எழுதியிருக்கும், பெல்ட்டிலும் இருக்கும். ஆக, வண்டி செய்த கம்பெனியே இல்லாமல் போனாலும் இந்தச் சாமான்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

கம்பெனி இல்லாமல் போனதற்கு உதாரணம் எங்க பக்கத்திலேயே ஓடுகிறது. எச்எம்டி டிராக்டர். மத்திய அரசின் எச்எம்டி, செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் கம்பெனி நுட்பத்தோடு ஹரியானாவில் பிஞ்சோரில் 1971-இல் செய்ய ஆரம்பித்தது. அந்த டிராக்டர் பிரிவை மூடுவது என்று 2016-இல் அரசு முடிவெடுத்துவிட்டது. வண்டி வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? பேரிங், சீல் பிரச்சனை இல்லை. கியர் மாதிரி அந்த வண்டிக்கே உரிய சாமான் உடைந்தால்தான் தலைவலி. காயலான் கடைகளில் தேடுவார்கள், கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் மாதிரியைக் கொடுத்துக் கடையச் சொல்வார்கள். ஜெர்மனிக்காரர்கள் 1950-இல் ஆரம்பித்த ஃபோக்ஸ்வேகன் பஸ்ஸை இன்னைக்கும் வெளிநாட்டில் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், அந்த வரிசை வண்டியை பிரேசிலில் 2013 டிசம்பர் வரைக்கும் செய்துகொண்டிருந்தார்கள். சாமானுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, ரோட்டில் நின்றால் டீ போட்டுக் குடித்துக்கொண்டே ரிப்பேர் பார்க்கலாம். எங்களுக்கு வாய்க்காலில் முறைத் தண்ணி வந்துவிட்டால் அன்னைக்கே சேத்துழவு ஓட்டியாகணும்.

எங்க பங்காளி ஒருத்தர் புது டிராக்டர் எடுத்தார். 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்தது, அதற்கேற்ற வண்டி. காமன் ரெயில், சென்சார், எல்லாத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர். ஓட்டிப் பார்த்தேன், அருமையான வண்டி. புகை இல்லை, இழுவை பிரமாதம். புகை குறையணும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது, அந்தப் புகையை மூக்கில் வாங்குகிறவனே நான்தான். ஆனால் காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணி விட்ட சமயத்தில் வயலில் இறங்கின அந்த வண்டி, மஞ்ச விளக்கு ஒண்ணு எரிந்து அப்படியே நின்றுபோச்சு. எங்க மெக்கானிக் அண்ணன் சுத்திச் சுத்திப் பார்த்துவிட்டு, "இதுல கை வைக்க எனக்கு வழி இல்லீங்க, லேப்டாப்பு மாட்டணும்" என்று சொல்லிவிட்டார். ஷோரூமிலிருந்து லேப்டாப்போடு ஆள் வர நாலு நாள் ஆச்சு. சென்சார் ஸ்டாக் இல்லை, அது வர இன்னொரு வாரம். அதுக்குள்ள நாத்து முத்திப்போகும் என்று எங்க 'ஸ்கிராப்'தான் போய் அவர் வயலை ஓட்டிக்கொடுத்தது.

சென்சார் கெட்டதை நான் குறை சொல்லவில்லை. எது கெட்டாலும் மாத்திக்கலாம். எது கெட்டது என்று தெரிந்துகொள்ளும் வழியே ஒரு கம்பெனியின் லேப்டாப்புக்குள் இருக்கிறது பாருங்கள், அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. காசு கொடுத்து வாங்கினவனுக்கும் தெரியாது, 40 வருஷமாக எஞ்சின் பிரிக்கிற மெக்கானிக்குக்கும் தெரியாது. இது நம்ம ஊர் சங்கடம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் விவசாயிகள் கேட்டுக் கேட்டு 2023-இல் சட்டமே போட்டார்கள். டிராக்டர் கம்பெனிகள் மேனுவல், சாமான், சாப்ட்வேர் கருவி எல்லாவற்றையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாகணும். நம்ம மத்திய அரசும் 2022-இல் ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு போட்டு, செல்போன், கார்களோடு விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. ஒரு இணையதளம் வந்தது. இணையதளமும் சட்டமும் ஒன்றில்லையே.

வண்டிக்கு 15 வயசு ஆச்சா என்று எண்ணுவதில் மட்டும் எல்லோருக்கும் சுறுசுறுப்பு. அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு, போக்குவரத்துக் கழக பஸ் உட்பட, 15 வருஷத்துக்கு மேல் பதிவு கிடையாது என்று 2023 ஏப்ரலில் விதி வந்துவிட்டது. சொந்த வண்டிக்கு இதுவரை அப்படி இல்லை, தகுதிச் சோதனையில் தேறினால் பதிவைப் புதுப்பிக்கலாம். அதுதான் சரி என்பேன். பிரேக்கைப் பாருங்கள், புகையைப் பாருங்கள், ஸ்டீயரிங் ஆட்டத்தைப் பாருங்கள். வயசைப் பார்த்து என்ன ஆகப்போகுது? மூணே வருஷத்தில் ஓடாய்ப் போன வண்டியும் எங்க ஊரில் இருக்கிறது.

சோதனை என்றால் எங்க ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிரெய்லருக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட், ரிப்ளெக்டர் கூட இல்லாமல் ராத்திரியில் கரும்பு ஏற்றிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டி நின்றால் பின்னால் வேப்பந்தழையை ஒடித்துப் போட்டு, சுத்திலும் கல்லு வைப்பது வழக்கம். ரிப்பேர் முடிந்ததும் வண்டி போய்விடும், கல்லு மட்டும் ரோட்டிலேயே கிடக்கும். அதுக்கப்புறம் வருகிற பைக்காரன் கதியை யாரும் யோசிக்கிறது கிடையாது. என் வண்டி ஆளுங்க அப்படிக் கல்லை விட்டுட்டு வந்தாங்கன்னா திருப்பி அனுப்பி எடுக்கச் சொல்வேன். இதுக்குக் கோவப்பட்டு ஒரு டிரைவர் வேலையையே விட்டுட்டுப் போயிட்டார், போகட்டும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. எங்க மெக்கானிக் அண்ணனுக்கு 60 தாண்டிருச்சு. ஐடிஐ-களில் டிராக்டர் மெக்கானிக் என்று ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, பசங்களும் படிக்கிறார்கள். படித்து வருகிற பையன் சொந்தமாகப் பட்டறை போட்டால், அவனுக்கும் அந்த லேப்டாப்புக் கருவி விலைக்குக் கிடைக்கணும். இல்லையென்றால் அவன் ஷோரூமுக்குச் சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான், எங்க ஊர்ப் பட்டறை பூட்டிக் கிடக்கும்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் இந்த மாதிரி கம்பெனிகளுக்கே சாப்ட்வேர் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மொத்தத்தையும் திறந்துவிடச் சொல்லவில்லை. மஞ்ச விளக்கு எரிந்தால் எந்த சென்சார் என்கிற பட்டியலையும், அந்த சென்சாரின் பார்ட் நம்பரையும் மேனுவலின் கடைசி ரெண்டு பக்கத்தில் தமிழில் போடச் சொல்லி உங்க மேனேஜர்கிட்ட ஒரு தடவை பேசிப் பாருங்களேன்.