குதிரைக்குத் தண்ணி காட்டியவன் பேர் என்ன?

மதியச் சாப்பாட்டு நேரம். பேச்சு வழக்கம்போல புரமோஷன் பட்டியலில் ஆரம்பித்து இடஒதுக்கீட்டில் வந்து நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "ரேஸ் குதிரையையும் ஜட்கா குதிரையையும் ஒரே லைன்ல நிறுத்த முடியுமா சார்? ரேஸ்ல ரிசர்வேஷன் உண்டா? தகுதி உள்ளது ஜெயிக்கும், அவ்வளவுதான்." நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பதில் தெரியாமல் இல்லை. மணி ரெண்டாகிவிட்டது, கவுண்டருக்குப் போகணும். இப்போது சொல்கிறேன்.

முதலில் ரேஸ். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஓடுகிற பந்தயங்களில் பெரும்பகுதி 'ஹேண்டிகேப்' பந்தயம். அதாவது, நன்றாக ஓடுகிற குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். ஜாக்கியின் எடை போதவில்லையென்றால் சேணத்தோடு ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். சுமாராக ஓடுகிற குதிரைக்கு எடை குறைவு. ஹேண்டிகேப் அல்லாத பந்தயங்களில்கூட வயது குறைந்த குதிரைக்குச் சலுகை, ஆண் குதிரையோடு ஓடும் பெண் குதிரைக்குச் சலுகை. தொழில் பழகும் ஜாக்கிக்கு, இத்தனை பந்தயம் ஜெயிக்கிறவரைக்கும் என்று கணக்கு வைத்துச் சலுகை. 1855இல் இங்கிலாந்தின் சீமான்கள் அட்மிரல் ரௌஸ் என்பவரை இந்த எடைக் கணக்குக்கென்றே நியமித்தார்கள். இன்றைக்கும் இதற்கென்று அதிகாரிகள் உண்டு. 'தகுதி செத்துப்போச்சு' என்று எந்தச் சீமானும் ஒப்பாரி வைக்கவில்லை. குதிரைக்கு என்றால் நியாயம், மனுசனுக்கு என்றால் அநியாயமா?

இது சின்னச் சங்கதிதான். பெரிய சங்கதி லாயத்தில் இருக்கிறது. பந்தயம் ரெண்டு நிமிஷம். மிச்ச வருஷம் பூரா லாயம்.

லாயம் விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. சாணமும் மூத்திரமும் ஊறின வைக்கோலை அள்ளிப் போட வேண்டும். தீனித் தொட்டியைப் பார்க்க வேண்டும். ராத்திரி போட்ட ஓட்ஸ் மிச்சமிருந்தால் குதிரைக்கு என்னவோ சரியில்லை. நாலு காலையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பில் லேசாகச் சூடு தெரிந்தால் அன்றைக்கு ஓட்டக் கூடாது. ஓட்டினால் கால் போச்சு. காலைப் பயிற்சி முடிந்து வந்த குதிரையை, வேர்வை அடங்கி மூச்சு சீராகிறவரை கையில் பிடித்து நடத்த வேண்டும். பிறகு குளிப்பாட்டி, தேய்த்து, கட்டுப் போட்டு, தீனி வைத்து, தண்ணி காட்டி — சாயங்காலம் மறுபடியும் முதலிலிருந்து. இதையெல்லாம் செய்கிறவனுக்கு நம்ம கிண்டியில் சைஸ் என்று பேர். டிரெய்னருக்கு ஐம்பது குதிரை இருக்கலாம். ஐம்பதின் காலையும் அவரால் தினம் தடவிப் பார்க்க முடியாது. 'வலது முன்னங்கால்ல சூடு இருக்குங்க' என்று சைஸ் சொல்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் முதலாளி போட்ட பணம் முழுக்க நிற்கிறது. அதற்குப் பேர் அறிவு இல்லையாம். 'கூலி வேலை'யாம்.

பந்தயப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். குதிரையின் பேர், அப்பன் பேர், ஆத்தா பேர், முதலாளி பேர், டிரெய்னர் பேர், ஜாக்கி பேர் எல்லாம் இருக்கும். குதிரையின் வம்சத்துக்கு இடமிருக்கிறது. அதைக் கையில் பிடித்துக் கூட்டிவருகிறவன் பேருக்கு இடமில்லை. காசுக் கணக்கும் அப்படியே. அமெரிக்காவில் ஜெயித்த பணத்தில் வழக்கமாக டிரெய்னருக்கு நூற்றுக்குப் பத்து, ஜாக்கிக்குப் பத்து. சைஸுக்கு ஒன்று கிடைத்தால் உண்டு. அதுவும் பல இடங்களில் உரிமையல்ல, இனாம்.

அமெரிக்காவைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 'தகுதி' என்ற சொல்லின் யோக்கியதை அங்கேதான் பச்சையாகத் தெரிகிறது.

அமெரிக்கத் தெற்கில் குதிரை லாயங்களை நடத்தியது அடிமைகள்தான். தீனி போட்டது, பழக்கியது, ஓட்டியது எல்லாம் கறுப்புக் கைகள். 1875 மே 17ஆம் தேதி லூயிவில் நகரில் முதல் கென்டக்கி டெர்பி ஓடியது. பதினைந்து ஜாக்கிகளில் பதின்மூன்று பேர் கறுப்பர்கள். ஜெயித்த குதிரை அரிஸ்டைடிஸ். ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பர். பழக்கியவர் ஆன்சல் வில்லியம்சன், அடிமையாகப் பிறந்தவர். 1877இல் டெர்பி ஜெயித்த பேடன்-பேடன் குதிரையைப் பழக்கிய எட்வர்ட் பிரவுனும் அடிமையாகப் பிறந்தவர்தான். லாயத்துப் பையனாக இருந்து, ஜாக்கியாகி, டிரெய்னராகி, சொந்தமாகக் குதிரை வாங்கியவர். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என்று மூன்று முறை டெர்பி ஜெயித்தார். சாணம் அள்ளியவன் சேணத்தில் ஏறி, சேணத்தில் இருந்தவன் லாயத்தையே நடத்துகிற ஏணி ஒன்று அங்கே இருந்தது.

அந்த ஏணியை உதைத்துத் தள்ளினார்கள். பந்தயத்தில் காசு பெருகியது. 1896இல் 'தனித்தனியே ஆனால் சமமாக' என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே பிரித்து வைப்பதற்குச் சட்ட முத்திரை குத்தியது. 1900 வாக்கில் நியூயார்க் மைதானங்களில் வெள்ளை ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்துகொண்டு, ஓட்டத்தின் நடுவிலேயே கறுப்பு ஜாக்கிகளை வேலியோரம் நெருக்கினார்கள், சாட்டையால் அடித்தார்கள். 'எதுக்கு வம்பு' என்று முதலாளிகள் கறுப்பர்களுக்குக் குதிரை கொடுப்பதை நிறுத்தினார்கள். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901, 1902 இரண்டு வருஷமும் டெர்பி ஜெயித்தவர். பிழைப்புக்கு ரஷ்யா போனார், பிறகு பிரான்ஸில் சொந்தமாக லாயம் நடத்தினார். அவருக்குப் பிறகு எந்தக் கறுப்பு ஜாக்கியும் அந்த டெர்பியை ஜெயிக்கவில்லை. 1961இல் டெர்பியையொட்டிய விருந்துக்கு அழைத்தார்கள் என்று வயதான காலத்தில் லூயிவில் போனவரை ஓட்டலின் முன்வாசலில் தடுத்தார்கள். 1921க்குப் பிறகு 2000 வரை டெர்பியில் ஒரு கறுப்பு ஜாக்கிகூட ஓட்டவில்லை.

அய்யா பெரிய மனிதரே, இங்கே தகுதி எங்கே போச்சு? தகுதி இல்லாமலா அவர்கள் போனார்கள்? தகுதி இருந்ததால் துரத்தப்பட்டார்கள். துரத்திய பிறகு, 'இந்தத் தொழிலில் அவங்க இல்லையே, வராதுபோல' என்று கதை கட்டப்பட்டது.

ஆனால் லாயத்தைவிட்டுத் துரத்தவில்லை, கவனியுங்கள். குதிரை முதுகிலிருந்து இறக்கி, குதிரைக் காலடியில் விட்டார்கள். 1973இல் செக்ரட்டேரியட் என்ற குதிரை பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீளத்தில் ஜெயித்தது. உலகமே அந்தக் குதிரையைக் கொண்டாடியது. அதைப் பார்த்துக்கொண்ட சைஸ் எட்டி ஸ்வெட், தெற்குக் கரோலினாக் கறுப்பர். அமெரிக்கப் பந்தயப் புகழ் மண்டபத்தில் குதிரைக்கு வரிசை உண்டு, ஜாக்கிக்கு உண்டு, டிரெய்னருக்கு உண்டு. சைஸுக்கு என்று ஒரு வரிசை கிடையாது. ஆன்சல் வில்லியம்சன் 1881இல் செத்தார். டிரெய்னர் வரிசையில் அவர் பேரைச் சேர்த்தது 1998இல். நூற்றுப்பதினேழு வருஷம்!

இன்றைக்கு அமெரிக்க லாயங்களில் பெரும்பகுதி மெக்சிகோவிலிருந்தும் மற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். தற்காலிக விசாவில் வருகிறவனுக்கு, எந்த முதலாளி பேரில் வந்தானோ அந்த முதலாளிதான் விசா. முறைத்தால் ஊர். 'இந்தக் காலத்தில் உழைக்க யார் வருகிறான், ஆளே கிடைக்கலை' என்று லாயம் நடத்துகிறவர்கள் புலம்புகிறார்கள். ஏழு நாளும் விடியலுக்கு முன் எழுப்பி, அதற்கேற்ற கூலி கொடுக்காமல், மேலே ஏற வழியும் வைக்காமல் ஆள் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1975இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் லாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வருஷத்தின் பெரிய பந்தய நாளில் ஓடுபாதையிலேயே உட்கார்ந்தார்கள். பந்தயம் பார்க்க வந்த கனவான்கள் இறங்கிவந்து அவர்களை அடித்தார்கள். தினமும் குதிரையின் காலைத் தடவுகிற கையைத்தான் அடித்தார்கள். ஆனாலும் மாசக்கணக்கில் நின்று, குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்றையும் தங்களுக்கான சங்கத்தையும் வாங்கினார்கள். கேட்டதால் கிடைத்தது. லாய முதலாளிகளின் மனசு இளகியதால் இல்லை.

அதனால் அந்தப் பெரிய மனிதருக்கும், அவரோடு சிரித்த நாலு பேருக்கும் சொல்கிறேன். ரேஸ் குதிரையை இனிமேலும் உதாரணத்துக்கு இழுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்தக் குதிரையும் தன் தகுதியால் மட்டும் ஜெயித்ததில்லை. பத்துப் பேர் தூக்கம் கெட்டு, தீனி போட்டு, தண்ணி காட்டி, காலைத் தடவி நிறுத்திய இடத்திலிருந்துதான் அது ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாக உங்களுக்குத் தண்ணி காட்டியவர்கள் யார் யார் என்று ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து பேர் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்துவிட்டு வாருங்கள், தகுதியைப் பற்றிப் பேசலாம். அன்றைக்குக் கவுண்டர் திறக்க லேட்டானாலும் பரவாயில்லை, நான் உட்கார்ந்திருப்பேன்.